வொக்ஸ்ஹோல் பூங்கா: நதிக்கரைப் புறநகரொன்றிற் கலையும் களியாட்டமும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அரண்மனையையும் போர்க்களத்தையும் பாராளுமன்றத்தையுமே முதற்கண் நோக்குவர். ஆட்சியும் போரும் சட்டமும் மக்கள் வாழ்வை உருவாக்குவன என்பதில் ஐயமில்லை. எனினும், நாள் முழுதும் தொழில் செய்து களைத்த மாந்தர் மாலைப்பொழுதை எங்கே கழித்தனர், யாருடன் கழித்தனர், அங்கே எதனைக் கண்டனர், எதனைக் கேட்டனர் என்னும் வினாக்களும் வரலாற்றின்பாற்பட்டனவே. ஒரு சமுதாயத்தில் யார் யாரோடு ஒருங்கிருந்து உண்ணலாம், யார் எக்கலையை நுகரலாம் என்பவற்றைச் சட்டநூல்களைக் காட்டினும் அச்சமுதாயத்தின் பொழுதுபோக்கிடங்களே சில வேளைகளில் தெளிவாகக் காட்டுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உயர்ந்த ஓவியமும் சிற்பமும் செல்வர் மாளிகைகளுள்ளும் தேவாலயங்களுள்ளும் அடங்கிக் கிடந்தன. பிரித்தானிய அரும்பொருட்சாலை 1759ஆம் ஆண்டிலும், தேசிய ஓவியக்கூடம் 1824ஆம் ஆண்டிலுமே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அரச கலைக்கழகம் 1768ஆம் ஆண்டிலேதான் நிறுவப்பட்டது. இத்தாலிய இசைநாடகம் கேட்க விரும்புவோன் நல்ல இருக்கை ஒன்றிற்கு அரைக் கினி, அஃதாவது பத்தரைச் சிலிங் கொடுத்தல் வேண்டும். இத்தகைய காலத்தில், இலண்டன் மாநகருக்கு வெளியே, தேம்ஸ் நதியின் தென்கரையிலிருந்த சிற்றூர் ஒன்றில், ஒரு சிலிங் கொடுத்த எவரும் மனைவி மக்களோடு உட்புகுந்து அந்நாட்டின் சிறந்த இசையையும் ஓவியத்தையும் சிற்பத்தையும் ஒரே மாலையில் நுகரக்கூடிய பூங்கா ஒன்று எழுந்தது. அதுவே வொக்ஸ்ஹோல் பூங்கா. கலையின் வாயில் பிறப்பினின்றும் பணத்திற்குக் கைமாறிய வரலாற்றை அப்பூங்காவின் கதையிற் காணலாம். அம்மாற்றத்தால் விளைந்த நன்மை யாது, அதன் எல்லை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடமும் பெயரும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஜோன் மன்னனின் படைத்தலைவருள் ஒருவனாயிருந்த போக்ஸ் என்பானுக்கு இலாம்பெத் பகுதியில் ஒரு மனை உரித்தாயிருந்தது. 'போக்ஸின் மனை' எனப் பொருள்படும் பெயரே காலப்போக்கில் பொக்ஸ்ஹோல் என்றும், வொக்ஸ்ஹோல் என்றும் மருவிற்று. வெஸ்ட்மின்ஸ்டருக்கு எதிர்க்கரையிற் சற்றுத் தெற்கே, காய்கறித் தோட்டங்களும் பழமரச் சோலைகளும் சூழ அமைந்த ஊர் அது. மாநகரின் புகைக்கும் இரைச்சலுக்கும் அப்பாற்பட்டதாயினும், ஓடத்தில் ஏறினால் விரைவில் அடையத்தக்க தொலைவிலேயே அது இருந்தது. பிற்காலத்தில் அதற்கு வந்த சிறப்பிற்கு இவ்வமைவே முதற் காரணமாகும்.

குரொம்வெல்லின் தூய்மைவாத ஆட்சி நீங்கி, இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1660ஆம் ஆண்டில் அரியணை ஏறியதும் அடக்கப்பட்டுக் கிடந்த களியாட்டங்கள் மீண்டும் தலைதூக்கின. அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களிலேயே நாட்குறிப்பாளர் ஜோன் ஈவ்லின், இலாம்பெத்திற் புதிதாக அமைந்த வசந்தப் பூங்காவைச் சென்று கண்டு அதன் அமைப்பைப் பாராட்டி எழுதியுள்ளார். மற்றொரு நாட்குறிப்பாளராகிய சாமுவேல் பீப்ஸ் பலமுறை ஓடமேறி அங்குச் சென்றவர். 1667ஆம் ஆண்டு மே மாதக் குறிப்பொன்றில், பறவைகளின் குரலும் யாழ், பிடில் ஆகியவற்றின் ஒலியும் கலந்து கேட்பதையும், அங்கே ஒருவன் விரும்பிய அளவு செலவிடலாம், விரும்பின் ஒன்றுமே செலவிடாதிருக்கலாம் என்பதையும் மகிழ்ந்து கூறுகிறார். அக்காலத்தில் நுழைவுக் கட்டணம் இருந்ததில்லை என்பது இதனாற் புலனாகும்.

கட்டணம் இல்லாமையால் எல்லோரும் சமமாக மகிழ்ந்தனர் என்று கருதிவிடுதல் தவறாகும். அடுத்த ஆண்டிலேயே பீப்ஸ், உயர்குலத்து இளைஞர் சிலர் அங்கே பெண்களிடம் முறைகேடாக நடந்தமையைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறார். 1712ஆம் ஆண்டில் அடிசன் தமது 'ஸ்பெக்டேற்றர்' இதழில் சேர் ரொஜர் என்னும் நாட்டுப்புறப் பெருமகனை இப்பூங்காவிற்கு அழைத்துச் செல்கிறார். அப்பெருமகன் வெளியேறும்போது, இங்கே குயில்கள் இன்னும் மிகுந்து பொதுமகளிர் குறைந்தால் தாம் அடிக்கடி வரலாம் என நிருவாகப் பெண்மணியிடம் கூறுவதாக நகைச்சுவையுடன் எழுதுகிறார். வாயில் யாவர்க்கும் திறந்தே இருந்தபோதிலும், தாயும் மகளும் அச்சமின்றி உலாவுதற்கு ஏற்ற இடமாக அது அன்று இருக்கவில்லை.

தையர்ஸ் செய்த மாற்றம்

இந்நிலையை மாற்றியவர் ஜொனாதன் தையர்ஸ் என்பவர். 1702ஆம் ஆண்டிற் பிறந்த இவர், தேம்ஸின் தென்கரையில் பேர்மண்ட்சி என்னும் பகுதியில் தோல் வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1729ஆம் ஆண்டிற் பூங்காவைக் குத்தகைக்கு எடுத்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. நிலம் அமைந்த கெனிங்டன் பண்ணை கோர்ண்வால் கோமகப் பதவிக்குரிய சொத்தாகும். ஆகவே அதன் உரிமையாளர் வேல்ஸ் இளவரசர் பிரெடரிக் ஆவார். 1732ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் தையர்ஸ் நடத்திய தொடக்க விழாவிற்கு இளவரசரே வருகைதந்தார். அன்றைய சீட்டின் விலை ஒரு கினி. முகமூடி அணிந்து வந்த ஏறக்குறைய நானூறு விருந்தினரைக் காக்க நூறு போர்வீரர் நிறுத்தப்பட்டிருந்தனர்.

அவ்விழா பிரபுக்களுக்கு உரியதாய் அமைந்தது. ஆனால், பிரபுக்கள் சிலரை மட்டும் நம்பி ஒரு பூங்காவை நடத்தவியலாது என்பதை வணிகராகிய தையர்ஸ் உணர்ந்திருந்தார். ஆதலின், சில ஆண்டுகளுள் ஒரு சிலிங் என்னும் நிலையான கட்டணத்தை அவர் நிறுவினார். 1792ஆம் ஆண்டு வரை, அரை நூற்றாண்டிற்கு மேலாக, அக்கட்டணம் மாறாதிருந்தது. இருவரை அனுமதிக்கும் வெள்ளிப் பருவச் சீட்டுகளும் வழங்கப்பட்டன. கணவனும் மனைவியுமாகவோ, தந்தையும் மகளுமாகவோ வருவோரை மனத்திற்கொண்டே இவ்வாறு செய்யப்பட்டது எனலாம்.

கட்டணத்தினும் இன்றியமையாதது அவர் கொண்ட நோக்கமாகும். குடும்பங்கள் வந்தாலன்றிப் பூங்கா நிலைக்காது. நன்மதிப்பு இன்றிக் குடும்பங்கள் வாரா. இதனை உணர்ந்து, காவலரை நிறுத்தினார். நடைபாதைகளிற் பெரும்பாலானவற்றிற்கு விளக்கிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிற் பூங்காவை மூடினார். கலையையும் இந்நோக்கத்திற்கே துணையாக அழைத்தார். நல்ல இசையும் நல்ல ஓவியமும் உள்ள இடத்திற்கு மனைவி மக்களை அழைத்துச் செல்லுதல் இழுக்கன்று என்னும் எண்ணத்தை இலண்டன் மக்களிடையே அவர் வளர்த்தார்.

பூங்காவில் ஒரு மாலை

பூங்கா மே மாதம் முதல் ஆகஸ்டு மாதம் வரையிலேயே திறந்திருக்கும். மாலை வேளையிலே குடும்பங்கள் வெஸ்ட்மின்ஸ்டர் முதலிய துறைகளிலிருந்து ஓடமேறும். 1750ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பாலம் திறக்கப்படும் வரை, நகரினுள் இலண்டன் பாலம் ஒன்றே இருந்தமையால் நீர்வழியே இயல்பான வழியாயிற்று. ஓடக்காரரின் கூச்சல், படித்துறையில் நெருக்கம், பின்னர் ஓர் இல்லத்தினூடே செல்லும் ஒடுங்கிய இருண்ட வழி, அதன் முடிவில் எதிர்பாராது விரியும் மரச்சாலை என இவ்வாறு அமைந்த நுழைவே வருவோர்க்கு வியப்பை அளித்தது.

நான்குபுறமும் மரங்கள் சூழ்ந்த சோலையின் நடுவே பாடகரும் வாத்தியக்காரரும் அமர்ந்த மேல்மாடமொன்று நின்றது. அதனைச் சுற்றி, ஒரு பக்கம் திறந்த போசன மாடங்கள் வரிசையாக அமைந்திருந்தன. இருள் கவியும் வேளையில் ஒரு சீழ்க்கையொலி எழும். இடந்தோறும் ஆயத்தமாக நின்ற பணியாளர் திரிகளைத் தீண்ட, ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணெய் விளக்குகள் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஒளிரும். மின்விளக்கும் வாயுவிளக்கும் தோன்றாத காலத்தில், மெழுகுதிரியின் சிற்றொளியிலே வாழ்ந்த மக்களுக்கு இக்காட்சி எத்துணை வியப்பைத் தந்திருக்கும் என்பது எளிதில் உணரத்தக்கது. இரவு ஒன்பது மணியளவில் மணியொன்று ஒலித்ததும் மக்கள் யாவரும் ஒரு பக்கமாக ஓடுவர். திரை விலகியதும், தகரத்தாற் செய்து பொறியால் இயக்கப்பட்ட செயற்கை நீர்வீழ்ச்சி ஒன்று சில நிமிட நேரம் ஓசையுடன் பாய்வது போலத் தோன்றி மறையும்.

உணவு மட்டும் மலிவாக இருக்கவில்லை. உப்பிட்ட பன்றித் தொடையிறைச்சியை மிக மெல்லியதாக அரிந்து பரிமாறுவது அவ்விடத்தின் வழக்கம். தேர்ந்த பரிசாரகன் ஒருவன் ஒரே தொடையைக்கொண்டு பூங்காவின் பதினொரு ஏக்கர் நிலத்தையும் மூடிவிடுவான் என்று இலண்டன் மக்கள் எள்ளி நகைத்தனர். பல குடும்பங்கள் விலையைக் கண்டு அஞ்சி, மாடங்களில் அமராது இசையைக் கேட்டு உலாவுவதோடு நிறைவுற்றன.

பிரபுக்களும் வணிகரும் ஒரே இடத்தில் கூடியபோது நிகழ்ந்தது யாது என்பதற்கு ஹொரேஸ் வால்ப்போல் 1750ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்று சான்றாகும். அவ்விரவு சீமாட்டி கரோலைன் பீற்றர்ஷாம் தம் நண்பர் குழுவோடு மாடமொன்றில் அமர்ந்து, ஏழு கோழிக்குஞ்சுகளை ஒரு பீங்கான் கலத்தில் இட்டு விளக்கின்மேல் தாமே சமைத்தார். பழம் விற்கும் பெண்ணும் கூடைகளோடு வந்து அங்கேயே ஒரு சிறு மேசையில் உண்டாள். இக்களியாட்டத்தைக் காணப் பூங்கா முழுவதிலுமிருந்து மக்கள் வந்து அம்மாடத்தைச் சூழ்ந்துகொண்டனர். முன்னாளில் மாளிகைச் சுவர்களுக்குள் மறைந்திருந்த பிரபுக்களின் விருந்து, ஒரு சிலிங் கொடுத்த கடைக்காரனும் அவன் குடும்பத்தினரும் நின்று பார்க்கும் காட்சியாக மாறிவிட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

சிற்பமும் ஓவியமும் இசையும்

1738ஆம் ஆண்டில் பூங்காவில் ஒரு பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. அதனைச் செதுக்கியவர் பிரான்சு நாட்டிலிருந்து வந்து அன்று புகழ் பெறாதிருந்த ரூபிலியாக் என்னும் இளஞ்சிற்பி. சிலைக்குரியவர் இசைமேதை ஹாண்டெல். அக்காலத்தில் இங்கிலாந்தின் பொது இடங்களிற் சிலையாக நின்றோர் மன்னரும் பெருந்தலைவருமே ஆவர். அவருள்ளும் பலர் இறந்தபின்னரே அச்சிறப்பைப் பெற்றனர். உயிரோடிருந்த ஒரு கலைஞனுக்கு, அவன் இசையைக் கேட்கவந்த மக்களின் நடுவிலே சிலை எழுப்பியமை புதுமையிலும் புதுமை. வடிவமும் புதுமையானதே. பொய்ம்மயிர் நீக்கித் தொப்பி அணிந்து, தளர்ந்த அங்கியோடும், நழுவி விழுந்த காலணியோடும், வீட்டில் இருப்பவர் போல அமர்ந்து ஹாண்டெல் யாழை மீட்டுகிறார். அரசர்க்குரிய பீடத்திற் கலைஞன் ஒருவன் தன் இயல்பான உடையில் அமர்ந்தான் எனலாம்.

ஓவியத்துறையில் தையர்ஸுக்குத் துணைநின்றவர்கள் வில்லியம் ஹோகார்த்தும் பிரான்சிஸ் ஹேமனும் ஆவர். ஹோகார்த்தின் உதவிக்குக் கைம்மாறாக, என்றென்றும் கட்டணமின்றி உட்செல்லும் உரிமை தரும் பொற்சீட்டொன்றைத் தையர்ஸ் அவருக்கு வழங்கினார். அது பிரித்தானிய அரும்பொருட்சாலையிற் பாதுகாக்கப்படுகிறது. 1740ஆம் ஆண்டை அடுத்து, ஹேமனும் அவர்தம் பட்டறையினரும் தீட்டிய ஏறக்குறைய ஐம்பது பெரிய ஓவியங்கள் போசன மாடங்களின் பின்சுவரை அணிசெய்தன. அவற்றின் பொருள் புராணமும் போரும் அன்று. பிள்ளைகள் ஏற்றப்பலகையில் விளையாடுதல், சீட்டுகளை அடுக்கி வீடு கட்டுதல், உறைபனிமேற் சறுக்குதல், மே மாத விழாவிற் பால்காரப் பெண்கள் ஆடுதல் போன்ற அன்றாட வாழ்க்கைக் காட்சிகளே அவற்றிற் பெரும்பாலானவை. ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளும் சில இருந்தன. தன் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டை ஓவியமாகக் கண்ட குடும்பத்தினர் கலை தமக்கும் உரியது என உணர்ந்தனர். ஓவியத்தின் அருகே சென்று கையால் தொட்டுப் பார்த்தோரும் பலர். அதனால் ஓவியங்கள் கெட்டன. எனினும், பொதுக்கண்காட்சிகள் இலண்டனிற் தொடங்கிய 1760ஆம் ஆண்டிற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே, சமகால ஆங்கில ஓவியத்தைச் சாதாரண மக்கள் காணத்தக்கதாக ஆக்கிய பெருமை இப்பூங்காவிற்கு உரியது. ஹேமன் பின்னர் அரச கலைக்கழகத்தின் தொடக்க உறுப்பினருள் ஒருவரானார்.

இசையே பூங்காவின் உயிராக விளங்கிற்று. முதலில் வாத்திய இசை மட்டுமே இருந்தது. 1745ஆம் ஆண்டு முதல் வாய்ப்பாட்டும் சேர்ந்தது. தோமஸ் ஆர்ன் முதலிய இசையமைப்பாளர் புதிய பாடல்களை ஆண்டுதோறும் அளித்தனர். 1774ஆம் ஆண்டு முதல் 1820ஆம் ஆண்டு வரை ஓர்கன் வாசித்த ஜேம்ஸ் ஹூக், ஈராயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். ரிச்மண்ட் குன்றின் மங்கையைப் பாடும் அவரது புகழ்பெற்ற பாடல் 1789ஆம் ஆண்டில் இங்கேயே முதன்முதல் பாடப்பட்டது. இப்பாடல்கள் அச்சிடப்பட்டு விற்பனையாயின. பூங்காவிற் கேட்ட பாடலைத் தாள்வழி பெற்று வீட்டில் மகள் பாடத் தாய் கேட்டு மகிழ்ந்தாள். பூங்காவின் இசை இவ்வாறு இல்லங்களிற் புகுந்தது.

1749ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் நிகழ்ந்தது பூங்காவின் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. ஐரோப்பியப் போரொன்று முடிவுற்றதைக் கொண்டாடும் அரச வாணவேடிக்கைக்காக ஹாண்டெல் ஓர் இசைத்தொகுதி அமைத்திருந்தார். அரச விழாவிற்குத் தன் விளக்குகளையும் பணியாளரையும் தந்துதவுவதாகத் தையர்ஸ் இசைந்து, அதற்கு ஈடாக அவ்விசையின் ஒத்திகையைத் தன் பூங்காவில் நடத்தும் உரிமையைப் பெற்றார். சீட்டு இரண்டரைச் சிலிங். வந்தோர் பன்னீராயிரவர் என அக்காலச் செய்தியிதழ்கள் கூறின. இலண்டன் பாலத்தில் வண்டிகள் மூன்று மணி நேரம் அசையாது நின்றன. மன்னருக்கென இயற்றப்பட்ட இசையை மன்னரின் விழாவிற்கு ஆறு நாள் முன்னரே குடிமக்கள் கேட்டுவிட்டனர்.

ஒரு சிலிங்கின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால், வொக்ஸ்ஹோல் பூங்கா சமத்துவத்தின் உறைவிடமாய் இருந்தது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் கூலியாளன் ஒருவனின் நாட்கூலி ஏறக்குறைய இரண்டு சிலிங்கேயாகும். மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அவன் பூங்காவிற்குச் செல்ல விரும்பின், ஓடக்கூலியும் உணவும் நீங்கலாகவே இரு நாள் உழைப்பின் பயனை வாயிலிற் கொடுத்தல் வேண்டும். கடைக்காரரும் கைவினைஞரும் எழுத்தரும் ஆண்டிற்கு ஓரிரு முறை வந்தனர், கூலியாளர் வந்திலர். சீருடை அணிந்த ஏவலாளர் பணம் வைத்திருப்பினும் உட்செல்ல அனுமதிக்கப்படவில்லை. எசமானர் உள்ளே இசை கேட்க, அவர்கள் வெளியே காத்து நின்றனர்.

பெண்களின் நிலையும் ஆராயற்பாலது. துணையோடு வந்த மகளிர்க்கு ஒளியூட்டிய சாலைகள் பாதுகாப்பளித்தன. ஆனால், விளக்கிடாத நடைபாதையொன்றும் அங்கே இருந்தது. 1763ஆம் ஆண்டில் நீதிபதிகளின் வற்புறுத்தலால் அதனை வேலியிட்டு அடைத்தபோது, இளைஞர் கூட்டமொன்று அவ்வேலியைத் தகர்த்தெறிந்தது. பனி பேர்ணி அம்மையார் 1778ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எவெலினா' என்னும் நாவலில் அதன் தலைவி அவ்விருண்ட சாலையில் அகப்பட்டு அல்லற்படுகிறாள். அதற்கு ஏழாண்டுகள் முன்னர் சிமொலெற் எழுதிய நாவலொன்றில், முதியவரான மாமன் பூங்காவை இரைச்சலும் பகட்டும் நிறைந்த இடமென வெறுக்க, அவர்தம் இளம் மருமகள் அதனையே தேவலோகமெனப் போற்றுகிறாள். ஒரே குடும்பத்தவருள்ளும் ஒரே பூங்கா இருவேறு பூங்காவாகத் தோன்றியமையை அந்நாவல் நன்கு காட்டுகிறது.

இவை எல்லாவற்றினும் சிந்தனைக்குரிய சான்று இக்னேஷியஸ் சாங்கோ என்பாரின் கடிதமாகும். ஆபிரிக்கரான இவர், அடிமை வணிகத்தின் விளைவாகக் குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டு, ஏவலராய் வளர்ந்து, தம் முயற்சியாற் கற்று, இசையும் இயற்றி, 1774ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரிற் பலசரக்குக் கடை ஒன்று திறந்தவர். அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களித்தவர். 1777ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இரவு இவர் தம் குடும்பத்துடன் வொக்ஸ்ஹோல் பூங்காவிற்குச் சென்றார். சென்றது ஓடத்தில், மீண்டது வண்டியில். பெண் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லிப் பூரித்த அவர், தம்மை மக்கள் உற்றுநோக்கியதையும், பின்தொடர்ந்ததையும் குறிப்பிட்டு, எனினும் மிகுதியாக வசைபாடவில்லை என்று முடிக்கிறார்.

வசை இல்லை என அவர் எழுதவில்லை. மிகுதியாக இல்லை என்றே எழுதுகிறார். வாயிற்காவலன் அவரிடம் சிலிங்கை வாங்கிக்கொண்டு வழிவிட்டான். ஹாண்டெலின் சிலையையும் ஹேமனின் ஓவியங்களையும் காணும் உரிமை மற்றவர்க்குப் போன்றே அவர்தம் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இங்கிலாந்தின் கப்பல்கள் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற காலத்தில் இது சிறிய செய்தியன்று. ஆயினும், பணம் வாயிலைத் திறந்ததேயன்றி அயலார் பார்வையை மாற்றவில்லை. ஒரு பொது இடத்திற்குள் நுழையும் உரிமையும், அங்கே பிறரைப் போலக் கவலையின்றி உலாவும் உரிமையும் ஒன்றல்ல. முன்னதைக் கட்டணமோ சட்டமோ தரலாம். பின்னதை உடன் உலாவும் மக்களே தருதல் வேண்டும். தம் பிள்ளைகளின் மகிழ்ச்சியை முதலிலும், தாம் பட்ட சிறுமையை இறுதியிற் சுருக்கமாகவும் எழுதிய அத்தந்தையின் கடிதம், பூங்காவைப் பற்றி எழுந்த புகழுரைகள் பலவற்றினும் உண்மையை மிகுதியாக உரைக்கிறது.

தேய்வும் மறைவும்

தையர்ஸ் 1767ஆம் ஆண்டில் இறந்தார். இறுதி நாட்களில், தம்மைப் பூங்காவிற்குத் தூக்கிச் செல்லச் செய்து அதனைக் கடைசி முறையாகக் கண்டார் என்பர். மக்களுக்கு இன்பப் பூங்கா அமைத்த அவர், டோர்க்கிங் நகரின் அண்மையிலிருந்த தம் சொந்தத் தோட்டத்தில் மரணத்தை நினைவூட்டும் மண்டபமும் மண்டையோடுகளும் அமைத்து வைத்திருந்தார் என்பது அவர்தம் உள்ளத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டும்.

அவருக்குப் பின்னர் பூங்கா மெல்ல இயல்பு மாறிற்று. 1792ஆம் ஆண்டிற் கட்டணம் இரண்டு சிலிங் ஆயிற்று. பின்னர் மேலும் உயர்ந்தது. 1816ஆம் ஆண்டில் வொக்ஸ்ஹோல் பாலம் திறக்கப்பட்டதும் நீர்வழிப் பயணத்தின் இன்பம் குன்றிற்று. இசையும் ஓவியமும் பின்தள்ளப்பட, வியப்பூட்டும் காட்சிகள் முன்னின்றன. சாக்கி அம்மையார் வாணவேடிக்கையின் நடுவே உயர்ந்த கயிற்றின்மேல் நடந்தார். 1827ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடி வாட்டர்லூப் போரை நடித்துக் காட்டினர். 1836ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சாள்ஸ் கிறீனும் வேறிருவரும் இங்கிருந்து பலூனில் எழுந்து, பதினெட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 480 மைல் பறந்து ஜேர்மனியின் நாசோ நாட்டில் இறங்கினர். அவ்வாண்டிலேயே இளைஞரான சாள்ஸ் டிக்கன்ஸ், பகல் வெளிச்சத்திற் பூங்காவைக் கண்டு ஏமாற்றமடைந்து ஒரு கட்டுரை எழுதினார். இரவில் விளக்கொளியிற் கோயில்களாகத் தோன்றியவை பகலிற் சாயம் பூசிய பலகைகளாகவே காட்சியளித்தன.

இரயில்வே இறுதி அடியை அளித்தது. 1838ஆம் ஆண்டில் அருகிலிருந்த நைன் எல்ம்ஸிலும், 1848ஆம் ஆண்டில் வொக்ஸ்ஹோலிலும் நிலையங்கள் எழுந்தன. சோலைக் கிராமம் தொழிற்சாலைகளும் புகையும் நிறைந்த நகர்ப்பகுதியாயிற்று. இலண்டன் குடும்பங்களோ அதே இரயிலில் ஏறிக் கடற்கரை நகரங்களுக்குச் செல்லத் தொடங்கின. 1840ஆம் ஆண்டில் உரிமையாளர் கடனில் மூழ்கினர். மறு ஆண்டில் ஹேமனின் ஓவியங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. பின்னரும் சில ஆண்டுகள் இழுபட்ட பூங்கா 1859ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இறுதி முறையாக விளக்கேற்றி நிறைவுற்றது. அந்நிலத்திற் தெருக்களும் வீடுகளும் எழுந்தன.

எஞ்சியவை

ரூபிலியாக் செதுக்கிய சிலை 1965ஆம் ஆண்டு முதல் இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேட் அரும்பொருட்சாலையில் உள்ளது. ஹேமனின் ஓவியங்களுட் சில அங்கும், 'ஏற்றப்பலகை' என்பது டேற் ஓவியக்கூடத்திலும் காணப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பழைய வீடுகள் அகற்றப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி 1976ஆம் ஆண்டில் மீண்டும் பொதுப்பூங்காவாயிற்று. 2012ஆம் ஆண்டில் அதற்குப் பழைய பெயரும் சூட்டப்பட்டது. அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

பெயரின் பயணம் இதனினும் வியப்பானது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இதனைப் பின்பற்றி எழுந்த பூங்காக்கள் இப்பெயரையே பெற்றன. 1838ஆம் ஆண்டில் இரசியாவின் முதல் இரயில்பாதை பாவ்லொவ்ஸ்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே இசையரங்கோடு அமைந்த நிலையமும் இப்பெயரால் வழங்கிற்று. காலப்போக்கில் இரசிய மொழியில் பெரிய இரயில் நிலையம் என்பதற்கே 'வக்ஸால்' என்பது பொதுச்சொல்லாயிற்று. கொழும்பு மாநகரில் பேரை வாவிக்கு அண்மையிலுள்ள வீதியொன்றும் வொக்ஸ்ஹோல் என்னும் பெயரையே தாங்கியுள்ளது. அதன்வழிச் செல்வோருள் அப்பெயரின் பின்னுள்ள கதையை அறிந்தோர் சிலரே.

நதிக்கரைப் புறநகரொன்றில் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக ஒளிர்ந்த விளக்குகளின் கதை இதுவாகும். வணிகர் ஒருவரின் ஊதிய நோக்கத்தாற் பிறந்ததாயினும், உயிரோடிருந்த இசைக்கலைஞனைப் பீடத்தில் ஏற்றியும், பிள்ளைகளின் விளையாட்டை ஓவியமாக்கியும், மன்னரின் இசையைக் குடிமக்களுக்கு முன்னதாக அளித்தும் அப்பூங்கா கலையின் எல்லையை விரித்தது. அவ்விரிவு, ஒரு சிலிங் இல்லாதவனிடத்தும், சீருடை அணிந்தவனிடத்தும், நிறத்தால் வேறுபட்டவனிடத்தும் வந்து நின்றுவிட்டமையும் உண்மையே. ஒரு சமுதாயம் தன் கலைக்கூடங்களையும் விழாக்களையும் யாவர்க்கும் உரியன என்று கூறும்போது, அவ்வுரையை வாயிலில் நின்று அளந்து பார்த்தல் போதாது. உள்ளே சென்றவர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். சாங்கோவின் பெண் பிள்ளைகள் அன்றிரவு அடைந்த மகிழ்ச்சியும், அவர்தம் தந்தை அடக்கி எழுதிய அச்சொற்களும் ஒருங்கே வைத்து நினைக்கத்தக்கன.